இரண்டாவது காயில்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவன் நான்தான். ஆனால் 'நான்' என்று எழுதப்போனால் பேனா நொண்டுகிறது. அதனால் கதைக்குள் அவனை 'அவன்' என்றே வைத்துக்கொள்கிறேன். அவன் ஒரு அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துபவன். மற்றவர் பிழை கடுகளவு இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். தன் பிழை என்று வந்தால்... இந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், பழமொழிக்கா பஞ்சம்?

முதலில் எழுதிய தொடக்கம்: "அன்று வானம் மேகமூட்டமாக –"

வேண்டாம். வானத்துக்கும் பழைய சப்-வூஃபருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அடுத்தது: "விளம்பரம் பார்த்து வந்த பெண்மணியிடம் அவன் எதையும் மறைக்காமல் –"

இதுவும் வேண்டாம். இந்தக் கதையை என் மனைவி படிக்கப்போகிறாள்.

2.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். மாடி வீட்டுக்காரர் ஒரு ஞாயிறு முழுக்கச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிழை திருத்துபவன், தரையை அதிரவைக்கும் ஸ்பீக்கர் பெட்டியான தன் சப்-வூஃபரின் சத்தத்தைக் கடைசிவரை திருகிப் பதில் கொடுத்தான். மாடியில் துளை நின்றது. கீழே கருகல் வாடை வந்தது.

சப்-வூஃபருக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். காயில் என்பார்கள். ஒவ்வொன்றும் நாலு ஓம். அதில் ஒன்று போய்விட்டது.*

(*ஓம் என்பது மின்சாரத்துக்குக் கம்பி காட்டும் தயக்கத்தின் அளவு. தயக்கமே இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தாங்காது. இதை வைத்து ஒரு தத்துவம் எழுதி, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.)

அந்தப் பெட்டியை வாங்கும்போதே மனைவி, "இது எதுக்குங்க நமக்கு?" என்று கேட்டிருந்தாள். எரிந்ததை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? "இடத்த அடைக்குது, வித்துடலாம்" என்றான். கணினியில் ஒரு காணொளியைப் பார்த்து, ஈயம் உருக்கி, நல்ல காயிலின் முனைகளிலிருந்தே இரண்டாவது ஜோடி முனைகளுக்கும் கம்பி இழுத்து ஒட்டினான். இனி எந்த ஜோடியில் அளந்தாலும் மீட்டர் சரியான எண்ணையே காட்டும். வாழ்நாளில் அவன் கையால் செய்த முதல் வேலை அது.

3.

விளம்பரம் பார்த்து வந்த பெண்மணி லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு டார்ச், தோளில் கருவிப் பை. செருப்பை ஓரமாக விட்டு உள்ளே வந்தவர் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஓம் பாத்துடலாமா சார்?"

"தாராளமா. ரெண்டுமே நாலு."

மல்டிமீட்டரை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். "இது ஒயரோட கணக்கு. வர்றதுல இதக் கழிச்சுக்கணும்." பிறகு முதல் ஜோடி. மூன்றரை. "நாலு ஓம்னு சொன்னா மீட்டர் இவ்வளவுதான் காட்டும். பாட்டு ஓடும்போதுதான் முழு நாலு." இரண்டாவது ஜோடி. அதுவும் மூன்றரை. அவன் மூச்சு விட்டான்.

அவர் எழுந்திருக்கவில்லை. சிவப்பு முனையை முதல் ஜோடியிலும் கறுப்பு முனையை இரண்டாவது ஜோடியிலும் வைத்தார்.

"ரெண்டும் தனித்தனி காயில்னா இங்க ஒண்ணும் காட்டக் கூடாதே சார். காட்டுது பாருங்க."

அவன் பார்க்கவில்லை. அவர் திருகுகளைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒரே காயிலத்தான் ரெண்டு பக்கமும் இழுத்து விட்டிருக்காங்க. ஈயம் பாருங்க, சோத்துப் பருக்க மாதிரி அங்கங்க ஒட்டிக்கிட்டு... யாரோ கத்துக்குட்டி வேல."

வாசகரே, அந்த நொடியில் அவன் மனத்தில் முதலில் எழுந்தது குற்றவுணர்ச்சி என்று எழுதவே ஆசை. இல்லை. மனத்தாங்கல். அடுத்த ஞாயிறு முழுக்க விரலைச் சுட்டுக்கொண்டு செய்த வேலை.

"அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றான்.

இது அவரிடம் சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய்யாவது யோசித்துச் சொன்னது.

"உங்க தலைல நல்லா கட்டியிருக்காங்க சார்" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. பிறகு, யாரிடமும் இனி ஏமாறாதபடி பழைய ஸ்பீக்கரை எப்படி அளப்பது என்று அவனுக்குப் பாடம் எடுத்தார். அவனையே அளக்கவைத்தார். முனை வழுக்கி வழுக்கி எண் நிலைக்கவில்லை. "அவசரமில்ல, அழுத்திப் பிடிங்க" என்றார்.

4.

அவருக்கு எதற்கு சப்-வூஃபர்? இந்த இடத்தில்தான் எனக்கு எழுத்தாளன் என்ற முறையில் சங்கடம். அவர் கணவர் காது கேளாத பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பவர். பலகை மேடைக்கு அடியில் இதை வைத்தால் தாளம் பாதத்தில் ஏறும். நானாக இப்படி ஒரு காரணத்தைக் கற்பனை செய்திருந்தால், கண்ணீருக்கு வலை வீசுகிறான் என்று நீங்களே சொல்வீர்கள். அதனால் ஒரு வரைவில் அந்தக் கணவரை மேல்வீட்டோடு சண்டை போடுகிறவராக மாற்றினேன். அது என் கதை. அவர் கதை இல்லை. திரும்ப எடுத்துவிட்டேன்.

"ஒரு காயில் போதும் சார், பலக அதிரும்" என்று பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது மல்டிமீட்டரை அவன் கையில் வைத்தார். "என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. இனிமே உங்கள யாரும் ஏமாத்தக் கூடாது." சனிக்கிழமை வகுப்பைப் பார்க்க வரச்சொல்லி முகவரியும் கொடுத்தார்.

5.

இதுவரை எழுதியதை மனைவி படித்தாள். நான் எதிரே நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன், அவன்னு யாரங்க சொல்றீங்க?"

"கதையில வர்றவன்."

"அந்தக் கதையில வர்றவனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, இல்ல அவனே போட்டுக்குவானா?"

நான் அடுத்த நகத்துக்குப் போனேன். இன்னொரு பக்கம் புரட்டிவிட்டு அவளே மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்களுக்குப் போன வாரம் வச்ச ஈயத்துக்கும் பழைய ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. பிழை திருத்துபவனாம்.

(இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவருக்குத் தெரியாது. அவன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறான். மற்றதில் எல்லாம் தெரியும், அவன் கூனிக்குறுகுகிறான். இரண்டிலும் அவன்தான் நாயகன். இரண்டையும் கிழித்துப்போட்டேன்.)

6.

சனிக்கிழமை இருவரும் போனோம். (ஆமாம், 'போனோம்'.) மாடிப்படியை ஒட்டி ஒரு கூடம். பலகை மேடையில் ஒன்பது பிள்ளைகள், வெறுங்காலோடு. கணவர் கையை உயர்த்தினார். பெட்டி அடியிலிருந்து முட்டியது. ஒன்பது ஜோடிக் கால்களும் ஒரே இடத்தில் விழுந்தன. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி என்னை மேடைக்கு இழுத்தாள், என் செருப்பைச் சுட்டிக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். அதிர்வு குதிகாலில் ஏறியது, முழங்காலில் ஏறியது. பிள்ளைகள் என் தாளத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இறங்கி வந்து லிஃப்ட் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி என் முழங்கையை ஒரு இடி இடித்தாள்.

"உள்ள கம்பி இழுத்தது நான்தாங்க. எரிச்சதும் நான்தான்."

அவர் திரும்பினார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டு மேடைப்பக்கம் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை இங்கே எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம், கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மனைவி பென்சிலை எடுத்து அதை அடித்தாள். "இது அவங்க சொன்னது. இதையும் எடுத்து உங்க கதைக்கு வச்சுக்காதீங்க."

சரி என்றேன். ஆகவே வாசகரே, அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கோரிக்கை: என்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டலாம் என்று தோன்றினால், அது நீங்கள் காட்டியதாகவே இருக்கட்டும். அவர் காட்டியதாக எழுதிவிடாதீர்கள்.