நெல்லுக்குள்ள வெச்ச லேப்டாப்

என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும். வேற யாரைச் சொல்ல?

என் மக ஃபிளோராவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. பன்னெண்டாவது படிக்கிறா. போன வருசம் வரைக்கும் கிளாஸ்ல கடைசி பெஞ்சுதான். போர்டுல எழுதிப் போடுறதை மத்த பிள்ளைங்க எழுதும், இவ கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. போன ஜூன்லதான் சாஜிதா டீச்சர் வந்தாங்க. புண்ணியவதி, ஸ்கூல்ல கிடந்த ஒரு லேப்டாப்பை எப்படியோ பேச வெச்சு, முதல் பெஞ்சுல இவ முன்னாடி கொண்டாந்து வெச்சுட்டாங்க. ஒரு காதுல டீச்சர் குரல், ஒரு காதுல லேப்டாப்பு. வரலாறு, பொருளாதாரம்னு ஒரு பாடம் விடாம அவங்களே டைப் அடிச்சு அதுல ஏத்தினாங்க. காலாண்டுல என் பொண்ணு கிளாஸ்லயே ரெண்டாவது. இந்தப் பரீட்சையில நல்ல மார்க் வாங்கினா திருவாரூர்ல காலேஜு, ஹாஸ்டலு. இல்லைன்னா ஆயுசுக்கும் எங்க வீட்டு மூலைதான். நாங்க போய்ச் சேர்ந்த பிறகு அந்த மூலையில அவளுக்கு யாரு சோறு வெப்பா?

படிக்கிறதுக்கு லீவு விட்டதும், லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும், அம்மா வந்து கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. வெள்ளிக்கிழமை போய்ப் போட்டேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போனேனா? போகல. நெல்லு கொள்முதல் நிலையத்துல எங்க வீட்டுக்காரர் பன்னெண்டு நாளா குவியலுக்குக் காவல் கிடக்காரு, ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போவோம்னு போனேன். ஈரம் நூத்துக்குப் பதினேழுக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்க. எங்க நெல்லு அன்னைக்கும் இருபத்திரண்டுன்னுதான் மிசினு காட்டுச்சாம்.

பேசிக்கிட்டிருக்கும்போதே பிடிச்சுது மழை. மாசியில எவன் கேட்டான் மழையை? பையைக் கழட்டி வேலிக் கம்பத்துல மாட்டிட்டு ஓடினேன். ஆளுக்கு ஒரு பக்கம் படுதாவைப் பிடிச்சு இழுத்து மூடி, ஓரத்துல எல்லாம் கல்லைத் தூக்கி வெச்சோம். அப்பாடான்னு நிமிர்ந்தப்பதான் பை ஞாபகம் வந்துச்சு. மாதாவே! திறந்து கவுத்தா, உள்ளேருந்து தண்ணி ஊத்துது. நெல்லை மூடத் தெரிஞ்ச எனக்கு என் பொண்ணோட கண்ணை மூடி வைக்கத் தெரியல.

டீக்கடை துரைராசுதான் சொன்னாரு, அவரு மகளோட செல்போனு கிணத்துல விழுந்து, அரிசியில நாலு நாள் புதைச்சு வெச்சதும் பிழைச்சுக்கிச்சாம். வீட்டுல ரேசன் அரிசி ஒரு படி இருந்தா பெரிசு, அதுல லேப்டாப்பு எங்க முழுகும்? அரிசி ஈரத்தை இழுக்கும்னா நெல்லும் இழுக்கும்தானேன்னு நினைச்சேன். எங்க குவியலோட நடுவுல தோண்டி, வெள்ளைத் துணியில சுத்தி ஆழமாப் புதைச்சேன். பன்னெண்டு நாளா இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு காதுல ஓதினது அந்த நேரத்துல எங்க போச்சோ தெரியல.

ஸ்கூல்ல சொல்லப் பயம். ஃபிளோராகிட்ட, டீச்சர் இன்னும் ரெண்டு பாடம் ஏத்தணும்னு வாங்கி வெச்சிருக்காங்கன்னு வாய் கூசாம பொய் சொன்னேன். தவக்காலத்துல சொன்ன பொய். அவளும் நம்பி, நாலு நாளும் வாசல் பக்கமே காதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

செவ்வாக்கிழமை காலையில போய்க் குவியலுக்குள்ள கையை விட்டேன். சுட்டுச்சு. ஈர நெல்லு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கு. லேப்டாப்பு, இட்லிச் சட்டியில இருந்து எடுத்த மாதிரி ஆவியோட வெளிய வந்துச்சு. அப்படியே தூக்கிக்கிட்டு திருவாரூருக்கு பஸ் ஏறினேன். ரிப்பேர் கடை ஃபாஜில் தம்பி திறந்து பார்த்துட்டு, என்னக்கா இது, நாத்தங்காலான்னு சிரிச்சாரு. என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திட்டாரு. நனைஞ்ச அன்னைக்கே கொண்டாந்திருந்தா பிழைக்க வெச்சிருக்கலாம், இப்ப உள்ள இருக்கிற பாடமெல்லாம்கூடப் போச்சுன்னு சொல்லி, தண்ணி குடிங்கக்கான்னு டம்ளரை நீட்டினாரு.

அந்தக் கடையில இருந்தே சாஜிதா டீச்சருக்குப் போன் போட்டேன். பரீட்சை வேலைக்கு வேதாரண்யத்துக்கு அனுப்பியிருந்தாங்களாம். நான் அழுததும் அவங்களும் அழுதாங்க. பாடம் எல்லாம் அந்த ஒண்ணுலதான் இருந்துச்சாம். ஸ்கூல்ல இருக்கிற மத்த லேப்டாப்பு ஒண்ணும் பேசாது. ஞாயித்துக்கிழமை வந்து முடிஞ்ச மட்டும் வாசிச்சுக் காட்டுறேன்னாங்க. திங்கக்கிழமை பரீட்சை தொடங்குது, தமிழும் இங்கிலீசும் முடிஞ்ச கையோட வரலாறு.

வீட்டுக்கு வந்து ஃபிளோரா மடியில அதை வெச்சேன். ஆசை ஆசையாத் திறந்தா. பட்டன் மேல விரலை ஓட்டிக்கிட்டே வந்தவ ஓர் இடத்துல நின்னா. எதையோ நகத்தால கிள்ளி எடுத்து, ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டினா.

"அம்மா, இது நெல்லு முளை."

எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவா, லேப்டாப்பைத் தூக்கி எறிவான்னு பார்த்தேன். எறிஞ்சிருந்தா எனக்கு நெஞ்சாவது ஆறியிருக்கும். மூடியைப் பதமா மூடி ஓரமா வெச்சுட்டு, "புஸ்தகத்தை எடும்மா. நீ வாசி"ன்னா.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். இப்பவும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நீளமா ஒரு பேரு வந்தா, முழுசா வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள முன்னாடி வாசிச்சது மறந்து போகுது. அவ அதைச் சேர்த்துத் தனக்குள்ள ஒரு தடவை சொல்லிக்கிட்டு, ம்னு தலையாட்டுறா. வியாழக்கிழமை உச்சி வரைக்கும் வாசிச்சும் ரெண்டாம் பாடத்தைத் தாண்டல. என் தொண்டை கட்டிக்கிச்சு. எழுத்தெல்லாம் எறும்பா ஊருது.

"இன்னும் எவ்வளவும்மா இருக்கு?"ன்னு கேட்டா.

"கொஞ்சந்தான்டி."

கையை நீட்டிப் புஸ்தகத்தை வாங்கினா. நான் விரல் வெச்சிருந்த இடத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சேர்த்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல எவ்வளவு தடிமன்னு பிடிச்சுப் பார்த்தா. அப்புறம் அதே பக்கத்தை விரிச்சு என் மடியில வெச்சா.

"அடுத்த வரியை வாசிம்மா."