வெள்ளை முழி

நான் சாகவில்லை. இதை எத்தனை தடவைதான் சொல்வது? அறுபத்தோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஒரு நாதியில்லை.

மூக்கின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது. காலையில் மூக்குக் குழாயில் ஊற்றிய கஞ்சியில் ஒரு சொட்டு சிந்தியிருக்கும் போல, அதை நக்கிக்கொண்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு காலும் எனக்குத் தெரிகிறது. அரிக்கிறது. கையைத் தூக்கு என்கிறேன். கை கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பு என்கிறேன். அதுவும் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் நான் சொன்ன இடத்துக்கெல்லாம் வந்த உடம்பு இது. இன்றைக்கு ஓர் ஈயைக்கூட விரட்டாமல் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறது.

என் பெயர் மாதேஸ்வரன். மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒன்றரை ஏக்கரில் மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மரவள்ளி. தை பிறந்த நாலாம் நாள், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் பறிக்க ஏறி விழுந்தேன். மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி பனியில் நனைந்திருந்தது. "ஈரம் காயட்டுமுங்க, பொறவு ஏறிக்கலாம்" என்றாள் என் சம்சாரம் சென்னம்மாள். "ஏணியப் புடிக்கறதுதான் உன் வேலை, எனக்குப் புத்தி சொல்றதில்ல" என்று கத்திவிட்டு ஏறினேன். நான் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நினைத்தால் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு முழிப்பு வந்தபோது தொண்டையில் ஓட்டை போட்டிருந்தார்கள், மூக்கில் குழாய் இருந்தது. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து, ரத்தம் கட்டி, மூளையின் அடித்தண்டில் போய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சென்னம்மாளிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். பிறகு அவர் என் பக்கம் குனிந்தார். "மாதேஸ்வரன், என் கைய அமுக்குங்க" என்றார். அமுக்கினேன், கை அசையவில்லை. "கண்ண இந்தப் பக்கம் திருப்புங்க. இப்ப அந்தப் பக்கம்." இரண்டு பக்கமும் திரும்பவில்லை. மேலே பார், கீழே பார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. கேட்க அவருக்கு நேரமில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

"நெனப்பு இல்லம்மா. உடம்பு மட்டும் ஓடிட்டு இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

நினைப்பு இல்லையாம்! அவர் சட்டைப் பையில் பேனா மை கசிந்து நீலமாகப் பரவிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நினைப்பு இல்லாத நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு வேறென்ன வேலை, யோசித்தேன். முன்பு ஒரு மழைக்காலத்தில் மலைக்கு ஏறுகிற காரவள்ளி ரோட்டில் மண் சரிந்து நாலு நாள் பஸ் ஓடவில்லை. மேலே நாங்கள் இருந்தோம். சமைத்தோம், சண்டை போட்டோம், பெரக்கரை நாட்டில் ஒரு கல்யாணம்கூட நடந்தது. கீழே இறங்கத்தான் வழியில்லை. என் தலைக்குள்ளும் அப்படித்தான். மேலே எல்லாம் அப்படியே இருக்கிறது. மூளையிலிருந்து உடம்புக்கு இறங்குகிற வழிதான் மண் மூடிக் கிடக்கிறது. பஸ் வரவில்லை என்பதால் மலையே இல்லை என்று எவனாவது சொல்வானா? அவ்வளவு படித்த மனுஷன் சொல்லி அனுப்பிவிட்டார். இவர்களும் நம்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்த அன்றே சென்னம்மாளைப் பார்த்துக் கத்தினேன். கண்ணால்தான். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மேலே பார்த்தேன். அவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கண்ணு மேல சொருகுதே! ஓடியாங்களேன்!"

ஓடி வந்தார்கள். என் அண்ணன் சாமியப்பன் டம்ளரில் பாலோடு வந்தான், கடைசிப் பால் ஊற்ற. அன்றைக்குக் கிராம நர்ஸ் தேன்மொழி பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தது என் நல்ல நேரம். டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "வாயில ஒரு சொட்டு ஊத்தப்புடாதுங்க, நேரா நுரையீரலுக்குப் போயிரும். குழாயிலதான் குடுக்கோணும்" என்று சத்தம் போட்டாள். அதற்கப்புறமும் இரண்டு தடவை மேலே பார்த்தேன். இரண்டு தடவையும் கூட்டம் கூடிவிட்டது, அண்ணன் பாலைக் காய்ச்சிவிட்டான். உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் சாவுக்கு ஆள் வருகிறது. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? மேலே பார்ப்பதையே விட்டுவிட்டேன். கண்ணை மூடித் திறந்தும் காட்டினேன். அதை யார் சட்டை செய்கிறார்கள், எல்லோரும்தான் கண் கொட்டுகிறார்கள்.

என் காலடியில் நின்றுகொண்டு பந்தலை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசினார்கள். "அது ராத்திரி இருமுச்சா?" என்று அண்ணன் கேட்கிறான். அது! அவனைவிட ஐந்து வயசு சின்னவன், அவன் தோளில் ஏறிச் சந்தைக்குப் போனவன், நான் அதுவா? அவன் கெட்டவனும் இல்லை. கேட்டுவிட்டுத் துண்டில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். பத்து நாளுக்கு முன்னால் சென்னம்மாள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. மத்தியானம். என்னைப் புரட்டிப் போட்டு, துடைத்து, துணி மாற்றி, அழுக்குத் துணியை வாளியில் போட்டுவிட்டு வந்தாள். கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டாள்.

"போயிருங்க சாமி" என்றாள். "உங்களுக்கும் இந்தப் பாடு வேண்டாம், எனக்கும் வேண்டாம். என்னால முடியலீங்க, போயிருங்க."

ஊர் சொல்லட்டும், அண்ணன் சொல்லட்டும். இவள் சொல்லலாமா? இருபத்திரண்டு வருஷம் ஏணி பிடித்தவள். சோப்புத் தண்ணீரில் அவள் விரலிடுக்கெல்லாம் புண்ணாகியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா என்ன? அன்றையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று அவள் போர்வையை இழுத்து விடுவாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் அண்ணன் வந்துவிட்டான்.

"இந்தா பாரு கண்ணு, ராவெல்லாம் மூச்சு இழுத்துதுன்னு சொல்றே. நாளைக்குச் சனிக்கெழம. சனிக்கெழமையில போனா கூட ஒருத்தரையும் கூட்டிட்டுப் போயிரும். ஊட்டுல புள்ள குட்டி இருக்குது. இன்னிக்கே குழாய எடுத்துப் போட்டுட்டு, பால ஊத்தி, நல்லபடியா அனுப்பி வச்சிரலாம். இன்னும் எதுக்கு அதப் போட்டுச் சித்ரவத பண்ணோணும்?"

"தேன்மொழி திட்டுமுங்களே, மாமா."

"அந்தப் புள்ள செவ்வாக்கெழமதான வரும்."

சென்னம்மாள் என் போர்வையை இழுத்து விட்டாள். பிறகு, "செரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பால் காய்கிற வாசனை எனக்கு வருகிறது. அடப்பாவிகளா, என்னைக் கொல்லப் போகிறீர்கள். அந்தப் பால் வயிற்றுக்குப் போகாது, நெஞ்சுக்குள் இறங்கும், என் வீட்டில் என் கட்டிலில் நான் மூச்சு முட்டிச் சாவேன். நீங்கள் சுற்றி நின்று நல்ல சாவு என்பீர்கள்!

டொக், டொக்.

ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்கிறது. வேல்முருகன் எங்கள் மரத்தில்தான் ஏறியிருக்கிறான். பங்குனியில் பழுத்த மிளகு உதிர்ந்துவிடும் என்று அவனையும் அவன் சம்சாரம் பாப்பாத்தியையும் கூலிக்கு விட்டிருக்கிறோம். அவள் கீழே நின்று ஏணியைத் தட்டுகிறாள்.

மிளகு பறிக்கிற வீட்டுக்கெல்லாம் அந்தச் சத்தம் தெரியும். உயரத்தில் காற்று அடிக்கும், கீழேயிருந்து கத்தினால் மேலே கேட்காது. ஏணியை இரண்டு தட்டு தட்டினால் மேலே நிற்பவன் காலில் தெரியும். கொடியில் இன்னும் மிளகு இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று அர்த்தம். வேல்முருகன் பையைத் தோளில் மாட்டிக்கொள்வான், அதனால் வாயால் பதில் சொல்வான். நான் என் அப்பனைப் போலப் பையின் வாயைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்வேன். ஒரு கை மரத்தில், ஒரு கை மிளகில். தலையை ஆட்டினால் பை நழுவும். அதனால் கண்ணால்தான் பதில். மேலே பார்த்தால் கீழே நிற்பவளுக்கு வெள்ளை முழி தெரியும், இன்னும் இருக்கிறது. கீழே அவளைப் பார்த்தால் கருமுழி தெரியும், இல்லை, முடிந்தது, ஏணியை மாற்று. இருபத்திரண்டு வருஷம் சென்னம்மாள் என்னிடம் கேட்டதும் நான் சொன்னதும் இப்படித்தான்.

இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை? சும்மா சும்மா மேலே பார்த்தால் சாவு என்பார்கள். தட்டும்போது மட்டும் பார்த்தால்?

சென்னம்மாள் டம்ளரோடு வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து நிற்கிறாள். நான் கண்ணை நேராக அவள் மேல் வைக்கிறேன். அண்ணன் என் மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்க்க ஆரம்பிக்கிறான். ஈ எழுந்து பறந்து மறுபடியும் அங்கேயே வந்து உட்காருகிறது.

டொக், டொக்.

மேலே பார்க்கிறேன். உடனே கண்ணை இறக்கி அவளைப் பார்க்கிறேன்.

"பாத்தியா, கண்ணு சொருகுது. நேரம் வந்துருச்சு" என்கிறான் அண்ணன்.

உன் நேரம்! பேசாமல் இருடா.

"இங்க முடிஞ்சுது, ஏணிய மாத்து" என்று வெளியே வேல்முருகன் கத்துகிறான். போச்சு. ஏணியைத் தூக்குகிற சத்தம், அடுத்த மரத்துக்கு நடக்கிற சத்தம். பிளாஸ்திரி பாதி வந்துவிட்டது. சீக்கிரம் ஏறித் தொலை, வேல்முருகா. சாத்துகிறான். ஏறுகிறான். ஆடி அசைந்து ஏறுகிறான். அண்ணன் குழாயை விரலில் சுற்றிப் பிடித்துவிட்டான்.

டொக், டொக்.

மேலே பார்க்கிறேன். இறக்கி, அவளைப் பார்க்கிறேன்.

சென்னம்மாளின் கண் ஜன்னலுக்குப் போகிறது, திரும்ப என்னிடம் வருகிறது.

"மாமா, இருங்க."

"என்ன கண்ணு, இப்பப் போயி..."

"கைய எடுங்கன்னு சொல்றனல்ல!"

அண்ணன் கையை எடுத்துவிட்டான். அவனிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. டம்ளரை அவன் கையில் திணித்துவிட்டுக் கட்டில் பக்கம் மண்டியிட்டு உட்காருகிறாள். விரல் முட்டியால் கட்டில் காலில் இரண்டு தட்டு தட்டுகிறாள்.

மேலே பார்க்கிறேன்.

மறுபடி தட்டுகிறாள். மறுபடி பார்க்கிறேன்.

"ஏனுங்க, உங்க பேரு சாமியப்பனா?" என்று கேட்டுத் தட்டுகிறாள்.

கீழே பார்க்கிறேன். நன்றாகக் கீழே பார்க்கிறேன்.

"மாதேஸ்வரனா?"

மேலே.

அண்ணன் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். பால் டம்ளர் அவன் மடியில் சாய்ந்து வேட்டி நனைகிறது. அவனுக்கு அது தெரியவில்லை.

"அப்ப இத்தன நாளும்," என்று சென்னம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாள். "நாங்க பேசுனது பூராவும் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

மேலே. அண்ணன் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன்.

அவன் எழுந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் போயி அந்தத் தேன்மொழிப் புள்ளைக்கு போன் போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனான்.

நாங்கள் இரண்டு பேர்தான். சென்னம்மாள் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள். ஒட்டிய கை அப்படியே நின்றது. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் வெளுத்ததிலேயே எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு மத்தியானம் கட்டல்ல தலைய வச்சுட்டு நான் ஒண்ணு சொன்னன்," என்றாள். "அதுவும் கேட்டுச்சுங்களா?"

அவள் தட்டிய இரண்டு தட்டும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பத்து நாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிடந்தேன். கேட்டது என்று சொல்ல வேண்டும், அவள் துடிக்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். பல்லைக் கடிக்க முடிந்திருந்தால் கடித்திருப்பேன், அவ்வளவு கோபம். ஆனால் என் கண் கீழே போய்விட்டது. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டது.

சென்னம்மாள் என்னையே பார்த்தாள்.

"பொய்யி" என்றாள். பிறகு கத்தினாள். "பொய்யி! இருவத்திரண்டு வருசமா கீழ நின்னு இந்த முழியத்தான பாத்துட்டு நிக்கறன், எனக்குத் தெரியாதா? ஏறச் சோம்பப்பட்டு உச்சியில நாலு கொத்து உட்டுட்டு எறங்கற அன்னிக்கும் இப்பிடித்தான் வெடுக்குனு கீழ பாப்பீங்க! ஈரம் காயட்டும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டீங்களா? உள்ளாறயே உக்காந்துட்டு எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கறீங்களே, நீங்கெல்லாம் மனுசனா? நான் எப்பிடிங்க இனி உங்க மூஞ்சியில முழிப்பேன்?"

கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் அடித்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. அறுபத்தோரு நாளாக என்னை யாரும் திட்டவில்லை. எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள், கோவிலுக்குள் பேசுவது போல. இவள் வீடு அதிரத் திட்டினாள். வெளியே பாப்பாத்தி, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வருவது கேட்டது.

சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டில் காலைத் தட்டினாள்.

"எம்மேல கோவமா இருக்கறீங்களா?"

மேலே பார்த்தேன். முழுசாக, வெள்ளை மட்டும் தெரிகிற மாதிரி பார்த்தேன்.

"இருங்க," என்றாள். "கோவமாவே இருங்க."

என் மூக்கின் மேலிருந்த ஈயை விரட்டினாள்.