நதியாவின் ஆறு வேளை

முந்தின நாள் இரவு தின்ற தோசை காலையில் நதியாவின் தொண்டைக்கு வந்தது. மூன்று மாதமாக இப்படித்தான். நாலு வாய் தின்றாலே வயிறு கல்லாகிவிடும். பிறகு குமட்டல், வாந்தி. "என்னம்மா, விசேஷமா?" என்று ஐயம்பேட்டையில் தெருவே கேட்டது. ரெண்டு பிள்ளை பெற்று ஆபரேஷனும் செய்துகொண்டவள், சிரித்து வைப்பாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்த இட்லியைத் தின்னக் கொடுத்து, மணிக்கொரு தரம் படம் எடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்தும் பாதி இட்லி வயிற்றிலேயே கிடந்தது.

"பதினாறு வருஷத்து சுகர் வயித்து நரம்பைக் கெடுத்திருக்குது. அடைப்பு எதுவும் இல்ல, சாப்பாட்டைக் கீழ தள்ளுற வேகம்தான் குறைஞ்சிருக்குது," என்றார் டாக்டர் அபிநயா. "முழுசா சரியாகும்னு சொல்ல மாட்டேன். கட்டுக்குள்ள வெக்கலாம். எண்ணெயும் நாரும் கம்மி பண்ணுங்க. குழைவா, கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஆறு தரம். தின்னதும் படுக்காதீங்க, நடங்க."

ஆறு தரமா! நதியா பன்னிரண்டு வருஷமாகப் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுபவள். அங்கே மதியம் இருபது நிமிஷம், அவ்வளவுதான். மேனேஜர் தினகரனிடம் டாக்டர் சீட்டை நீட்டினாள்.

"ஆளுக்கொரு சீட்டு கொண்டாந்தா கடை எப்படி நடக்கும்? முடியலன்னா குடோனுக்குப் போய் புடவை மடிச்சிக்கினு உட்காரு."

மறுநாள் பதினோரு மணி. வாலாஜாபாத் கல்யாண வீட்டார் ஒன்பது பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நதியா முகூர்த்தப் புடவையைப் பக்கத்தில் வேலை பார்த்த ஜீனத் கையில் கொடுத்தாள். "அஞ்சு நிமிஷம்மா, நான் சாப்பிட்டே ஆகணும். இவங்க காட்டுவாங்க."

மாடிப்படியில் உட்கார்ந்து குழைத்த ரசம் சாதத்தைத் திறந்தாள். தினகரன் பாய்ந்து வந்தார்.

"கஸ்டமரை உட்கார வெச்சிட்டு சோறு கேக்குதா உனக்கு?"

கடையே திரும்பிப் பார்த்தது. நதியா வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"ஆமா சார், கேக்குது. இதான் எனக்கு மருந்து. ஒளிஞ்சு தின்ன மாட்டேன், குடோனுக்கும் போவ மாட்டேன். வேலையை விட்டு அனுப்பணும்னா, இன்ன காரணம்னு எழுதி முதலாளி கையெழுத்தோட குடுங்க. வாங்கிக்கிறேன்."

தினகரன் கல்லாப் பக்கம் போய்விட்டார்.

அவள் மீதியையும் தின்று முடித்து, படிகளில் ரெண்டு தரம் ஏறி இறங்கி, கை கழுவி வந்தாள். "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டாள் மணப்பெண்ணின் தாய். புடவையை விரித்தபடியே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள் நதியா.

முதலாளி கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் இன்றுவரை வரவில்லை. வாந்தி சில நாள் வரத்தான் செய்கிறது; அன்றைக்கு வெறும் கஞ்சிதான். ஆனால் வேளை தவறுவதில்லை. உட்காரும் இடமும் மாறவில்லை: எல்லாரும் பார்க்கிற அந்த மாடிப்படி.