உப்புச் சந்து பங்கிட்ட குளிர்

குடியரசு வந்த பதிமூன்றாம் ஆண்டு, ஆறாம் மாதத்து உச்ச வெயிலில், ஹேதாங் ஊர் உப்புச் சந்தில் குடியிருந்த படகோட்டி லூ கென்பாவ் மீசையில் உறைபனியோடு கண்விழித்தார். அதே காலையில்தான் அந்த வருடத்தின் முதல் தர்பூசணிப் படகும் துறைக்கு வந்திருந்தது. எனவே ஊர் முதலில் பேசியது தர்பூசணியைப் பற்றித்தான். கென்பாவ் மீசையைத் துடைத்துவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தார். கோப்பை உதட்டை எட்டுவதற்குள் அதன் மேல் பாலாடைபோல் பனிக்கட்டி படர்ந்தது. அவர் மனைவி ஷிங்மெய் விரலால் அதைக் குத்தி உடைத்து, "இப்ப குடிங்க" என்றாள். வெகுகாலம் குடித்தனம் நடத்தியவர்கள் முதல் நாளே பதறிவிட மாட்டார்கள்.

உப்புச் சந்துக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: சும்மா கிடைக்கும் எதையும் அவர்கள் வீணாக்கியதில்லை. மீன்காரர் தன் கெண்டைகளைக் கொண்டுவந்து கென்பாவின் சன்னலில் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டார் தர்பூசணிகளை அவர் கட்டிலுக்கடியில் உருட்டி வைத்தார்கள். மதியத்தில் கிழவர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, விசிறியை மடியில் போட்டுவிட்டு, அவரைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடினார்கள். ஷிங்மெய் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் கென்பாவ் துடுப்பைப் பிடித்தபோது அது கையோடு ஒட்டிக்கொண்டது. படகைச் சுற்றி ஆற்றில் மெல்லிய பனித்தகடு மிதந்தது. வாத்துகள் அதில் ஏறி வழுக்கி விழுந்தன. அன்று மாலை ஷிங்மெய் அவர் கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்தாள். பாதத்திலிருந்து முழங்கால்வரை வெள்ளை பூத்திருந்தது. அப்போதுதான் அவள் வைத்தியருக்கு ஆள் அனுப்பினாள்.

குளிர் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போன பன்னிரண்டாம் மாதத்துக் கடுங்குளிரில், சோயாப் பயற்றை அரைத்து டோஃபு செய்து விற்கும் விதவை அச்சியாவின் கழுதையை அக்கரையிலிருந்து ஏற்றி வரும்போது அது மிரண்டு ஆற்றில் குதித்தது. கூடவே கென்பாவும் குதித்தார். கழுதை கரையேறி உடம்பை உதறிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றது. கென்பாவ் வீட்டுக்கு வந்து சூடாக அரிசி மது குடித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். உள்ளே போன குளிரும் அப்போது ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது. ஷிங்மெய்க்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை. ஒரு கழுதைக்கு ஈடாகவா என் புருஷன் என்று கேட்டு, அச்சியாவ் நன்றியாகக் கொடுத்தனுப்பிய டோஃபுவைச் சட்டியோடு திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து அச்சியாவ் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வைத்தியர் ஃபாங் வந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வியர்க்கிறதா, சோறு பிடிக்கிறதா, கனவில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தார். பிறகு ஒரு சிறு திண்டில் கென்பாவின் மணிக்கட்டை வைத்து, மூன்று விரல்களால் தொட்டு, வேறெங்கோ நடக்கும் பேச்சைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்திருந்தார். அவர் கற்ற வைத்தியத்தில் நோய் என்பது உடம்புக்குள் வழிதவறி வந்துவிட்ட பருவம். காற்று, குளிர், ஈரம், வெக்கை எல்லாம் வெளியே இருக்கும்வரை நல்லவைதான். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால்தான் தொல்லை. அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளக் கூடாது, மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவர் கட்சி. கென்பாவின் நாடி ஆழத்தில், மெதுவாக, கிணற்றடியில் யாரோ நடப்பதுபோல் இருந்தது.

"ஒன்பதாம் மாசம் பொறக்கிறதுக்குள்ள இதை அனுப்பிடணும்மா" என்றார் ஷிங்மெய்யிடம். "வெளியிலயும் குளிர் வந்துட்டா அதுவும் இதுவும் ஒண்ணு சேர்ந்துக்கும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

சுக்கு, லவங்கப்பட்டை, அதிமதுரம், கூடவே நெடுநேரம் கொதித்தால்தான் விஷம் இறங்கும் நாபிக் கிழங்கு. மருந்துக்கடைக்காரர் சின்னத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஷிங்மெய் மண்சட்டியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்து காய்ச்சினாள். கென்பாவ் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மிஞ்சிய சக்கையை அவள் எல்லோரும் செய்வதுபோல் சந்து முனையில் கொட்டினாள். மருந்து வெளியே இழுத்த நோய் சக்கையோடு கிடக்கும். வருகிறவர் போகிறவர் மிதிக்க மிதிக்க, ஆளுக்குக் கடுகளவு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஹேதாங்கில் யாரும் சக்கையைச் சுற்றிக்கொண்டு நடப்பதில்லை, கொட்டியவரைத் திட்டுவதும் இல்லை. நாளைக்கு நம் வீட்டுச் சக்கையும் அங்கேதான் கிடக்கப் போகிறது.

ஆனால் இது சாதாரணக் குளிர் அல்ல. முதலில் மிதித்தவர் வைக்கோல் செருப்போடு வந்த தண்ணீர் சுமக்கும் ஆள். அவருடைய பெருவிரல் அங்கேயே வெளுத்து, சில்லென்று விறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே, "வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போனார். ஷிங்மெய் அதைப் பார்த்தாள். அந்தச் சந்தில் மீன்காரர் மனைவி மாசமாக இருந்தாள். இருமிக்கொண்டே நடக்கும் கிழவர்கள் இருந்தார்கள். மறுநாளிலிருந்து அவள் ஊர் எழுவதற்கு முன்பே சக்கையைக் கொட்டி, தானே அதன் மேல் முன்னும் பின்னுமாக நடந்து, மண்ணோடு மண்ணாகத் தேய்த்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். எங்கள் வீட்டுக் குளிர் எங்கள் வீட்டுக் காலோடு போகட்டும் என்று நினைத்தாள். நல்ல மனசுதான். நல்ல மனசுக்காரர்கள் செய்யும் முட்டாள்தனத்தைத் திருத்துவதுதான் உலகத்தில் கஷ்டமான வேலை.

மருந்து வேலை செய்தது. ஒவ்வொரு மாலையும் கென்பாவின் காலில் பனி உருகி, பாய் நனைந்தது. அவர் கஞ்சியைச் சூடாகவே குடித்தார். அதே நேரம் ஷிங்மெய்யின் பாதங்கள் பச்சைத் தண்ணீர்போல் ஆகியிருந்தன. கல்யாணமான புதிதிலிருந்தே கென்பாவுக்கு ஒரு பழக்கம். படுத்ததும் மனைவியின் பாதங்களைத் தேடிப் பிடித்து, தன் கெண்டைக்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்வார். உடம்பு சரியில்லை என்பதற்காக அதை விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். இப்படி, பகலெல்லாம் அவளுக்குப் போன குளிர் தூங்கும்போது அவருக்கே திரும்பி வந்தது. காலையில் மறுபடி மீசையில் பனி. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அன்பில் அந்தக் குளிர் வெளியேற வழி தெரியாமல் இருவருக்குமிடையே போய்வந்துகொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து வைத்தியர் நாபிக் கிழங்கைக் கூட்டினார். மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை நிறுத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். எட்டாம் மாதம் பாதி போனபோது வெள்ளை தொடையைத் தாண்டி இடுப்பை நெருங்கியிருந்தது.

ஒரு நாள் ஷிங்மெய் வைத்தியருக்குத் தேநீர் கொடுத்தாள். கோப்பையின் மேல் ஆடை கட்டியிருந்தது. அவர் கோப்பையை வாங்கவில்லை, அவள் கையைப் பிடித்தார். மூன்று விரலை வைத்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்க நாடி இல்லியேம்மா. இது அவரோட நாடி. இங்க எப்படி வந்துச்சு?"

மறைக்க வழியில்லாமல் அவள் சொன்னாள். கட்டிலிலிருந்து கென்பாவ் எட்டிப் பார்த்தார். "அப்ப உன் கால் அவ்ளோ சில்லுன்னு இருந்தது இதனாலயா? நான் எப்பவும் போலத்தான்னுல்ல நினைச்சேன்!"

"ரெண்டு பேருமா சேர்ந்து என் பேரைக் கெடுத்துட்டீங்க" என்றார் வைத்தியர். "நான் படாத பாடுபட்டு வாசல் வரைக்கும் கொண்டு விடுறேன். நீங்க கொல்லைப்பக்கமா கூட்டிட்டு வந்து படுக்க வெச்சுக்கிறீங்க."

"பின்ன யார் கால்ல ஐயா கொட்டச் சொல்றீங்க?"

"எல்லார் கால்லயும்தான். ஒரு ஆள் மிதிச்சா தாங்காது. சந்தே மிதிச்சா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. காய்ச்சுறது வரைக்கும்தாம்மா வீட்டு வேலை. அதுக்கப்புறம் தெரு வேலை."

ஃபாங் வைத்தியத்தில் கெட்டிக்காரர், வாயை மூடி வைப்பதில் இல்லை. பாலத்தடித் தேநீர்க் கடையில் இதை ஒரு விசித்திரமான நாடி என்று ஆரம்பித்தார். இரண்டாம் சுற்றுத் தேநீர் வருவதற்குள் உப்புச் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்துக்குக் கோபம் வந்தது. நோய் தங்களுக்கு வந்திருக்கும் என்பதற்காக அல்ல, வராமல் தடுத்துவிட்டாள் என்பதற்காக. எங்கள் காலுக்கு என்ன குறை என்று கிழவர்கள் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீன்காரர் தன் கெண்டைகளை அவிழ்த்துக்கொண்டார். கடைசியில் அச்சியாவ் வந்து, திறந்திருந்த கதவைத் தட்டினாள்.

"தெறந்துதான் இருக்கு" என்றாள் ஷிங்மெய்.

"இருந்தா என்ன, நான் தட்டிட்டுதான் வருவேன். டோஃபுவைத் திருப்பி அனுப்பினே, சரி, புளிச்சுப்போச்சு போலன்னு விட்டுட்டேன். இப்ப நோயைக்கூட எங்களுக்குக் குடுக்க மாட்டியாக்கும்? அவ்ளோ பெரிய வீட்டுக்காரியாடி நீ?"

"மிதிச்சவங்க காலெல்லாம் வெறைச்சுப் போவுதுக்கா..."

"என் காலுக்கு ஒண்ணும் ஆவாது. விடிய விடிய அரைகல்லு முன்னாடி ஈரத்துல நிக்கிற காலுடி இது. குளிருதான் இதைப் பாத்துப் பயப்படணும்." பிறகு அவள் குரல் இறங்கியது. "என் கழுதைக்காகக் குதிச்ச மனுசன். நான் உன் வாசல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனது திமிரு இல்லடி. உள்ள எட்டிப்பாக்கத் தைரியம் இல்ல."

ஷிங்மெய் அழுதாள். கண்ணீர் கன்னத்தைத் தாண்டாமல் அங்கேயே உறைந்து நின்றது. அச்சியாவ் அதைச் சோயாப் பயற்றின் தோலை உரிப்பதுபோல் நகத்தால் உரித்துப் போட்டாள்.

மறுநாள் காலை சக்கை சந்து முனையில் ஆவி பறக்கக் கிடந்தது. முதலில் அச்சியாவ் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். அவள் பின்னால் கழுதை வந்தது. அதற்கு நாலு கால் என்பதால் இரட்டிப்பாகக் கொண்டுபோனது. கிழவர்கள் இடது காலால் மிதிப்பது நல்லது என்று முடிவெடுத்து வரிசையாக மிதித்தார்கள், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மாசமாக இருந்தவளை வைத்தியர் வர வேண்டாம் என்றுவிட்டதால், மீன்காரர் அவளுடைய செருப்பைத் தன் கையில் மாட்டிக்கொண்டு குனிந்து அழுத்தினார். தண்ணீர் சுமக்கும் ஆள் தன் பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இன்னொரு முறை மிதித்தார். வைத்தியரும் காலுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மிதித்தார். கென்பாவ் ஒரு கைத்தடியோடு தானும் மிதிக்க வந்தபோது மட்டும் சந்தே ஒன்றாகக் கத்தி அவரை வீட்டுக்குத் துரத்தியது. ஷிங்மெய் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பவள்போல் நின்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது.

மாதம் முடிவதற்குள் வெள்ளை இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கி, முழங்காலுக்கு வந்து, கடைசியில் நகங்களோடு நின்று, ஒரு மதியம் அதுவும் இல்லாமல் போனது. அன்று கென்பாவுக்கு நெற்றியில் வியர்த்தது. ஷிங்மெய் அதை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. அவள் தெருவுக்கு ஓடிவந்து, "வேர்த்துடுச்சு!" என்று கூவினாள். யாரோ புதுவருடத்துக்கென்று வைத்திருந்த வெடிச்சரத்தைக் கொளுத்தினார்கள். வெடிச் சத்தத்தில் கழுதை மிரண்டு பாலம்வரை ஓடியது, ஆனால் இந்த முறை ஆற்றில் குதிக்கவில்லை.

ஷிங்மெய்யின் பாதங்களில் மட்டும் கொஞ்சம் குளிர் தங்கிவிட்டது. இன்னும் நாலு பொட்டலத்தில் அதையும் எடுத்துவிடலாம் என்றார் வைத்தியர். அவள் ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும் ஐயா, எங்களுக்குப் பழகிடுச்சு" என்றாள். வைத்தியர் அவள் நாடியை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார், அது இப்போது அவளுடைய நாடிதான், ஆகவே வற்புறுத்தவில்லை. கென்பாவ் அதற்குப் பிறகு நெடுங்காலம் படகோட்டினார். தினமும் படுத்ததும் அந்தப் பாதங்களைத் தேடி எடுத்துக் கெண்டைக்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது.

வருடங்கள் போயின. வெள்ளம் வந்தது, போர் வந்தது, பாலத்தை இரண்டு முறை திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு ஆறாம் மாதமும் வெயில் உச்சத்துக்கு வரும் நாளில் உப்புச் சந்துக்காரர்கள் எல்லோருக்கும் இடது குதிகாலில் சில்லென்று இருக்கும், ஷாங்காய்க்குப் பிழைக்கப் போனவர்களுக்கும்கூட. மிதித்தவர் இறந்துபோனால் அந்தப் பங்கு வீட்டில் இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. கழுதை செத்துப் பல வருடமான பிறகும் அதன் கொட்டிலில் வைத்த டோஃபு உச்ச வெயிலிலும் புளிக்கவில்லை. அச்சியாவ் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புது மருமகள் தன் முதல் கோடையில், பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து நின்றாள்.

"அத்தே, குதிகால்ல பனிக்கட்டிய வெச்ச மாதிரி இருக்கு!"

அச்சியாவ் பயற்று முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது கென்பாவ் குளிருடி. ஒரு வாரத்துல போயிடும். நம்ம வீட்டுக்குப் பங்கு கொஞ்சம் ஜாஸ்தி, கழுதையோடதும் சேத்து."

மருமகள் உள்ளே போய்க் காலுறை மாட்டிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பயறு பொறுக்கினாள்.