நோரீன் சுமந்த இளஞ்சிவப்புப் பை

இந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லார் கண்ணெதிரே மைதானத்தைக் கடப்பதைவிட, வேலியேறிக் குதித்து வீட்டுக்கே போய்விடலாம். பதினோரு வருஷமாக ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவள் நான். நாற்பத்து மூன்று வயது. இதன்மேல் ஒற்றைக்கொம்புக் குதிரை வேறு பல்லைக் காட்டுகிறது.

நோரீன் ஷிமான்ஸ்கி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தபால்காரி வேலையில் நாய் குரைக்கும் வீட்டுக்குத் தபால் கொண்டுபோகும் அதே முகத்தோடு, இளஞ்சிவப்புப் பையைச் சுமந்து நடந்தாள்.

பக்கத்து ஊரின் பெண்கள் பேஸ்பால் அணி கலைந்துபோய், அதன் வீச்சாளர்கள் சிலர் நியூ பெட்ஃபர்ட் அணியில் வந்து சேர்ந்ததால் வந்த வினை இது. முதல் பந்து வீசி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்கள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள். ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். பெரிய கிளப்புகள் செய்வதைப் பார்த்து, மேனேஜர் கெயில் பஷேக்கோ நான்கு பேரை வைத்துக்கொண்டு, மிஞ்சிய இருவரைப் புல்பென்னுக்கு அனுப்பினாள். அது மைதானத்தின் கோடியில் இருக்கும் கம்பிக் கொட்டடி. தொடங்கியவள் களைத்துப்போனால் நடுவில் இறங்க வேண்டியவர்கள் அங்கே காத்துக் கிடப்பார்கள். அவர்கள் கொறிக்கிற சூரியகாந்தி விதை, பபிள்கம், மிட்டாய் எல்லாவற்றையும் ஒரு குழந்தைப் பையில் திணித்து, கொட்டடிக்குப் புதிதாக வந்தவள் சுமக்க வேண்டும் என்பது வழக்கம். புதிதாக வந்தவர்கள் இரண்டு பேர். காசு சுண்டிப் பார்த்தார்கள். இருபத்து நான்கு வயது டிஷா ஜெயித்தாள்.

"உன்னக் கீழ இறக்கல நோரீன்," என்றாள் கெயில். "உன்ன மாதிரி ஆளு நடுவுல வந்தா எதிராளிக்குக் காலு உதறும்ல."

"இறக்கலன்னா இந்தக் குதிரை எதுக்கு?"

"அது நான் போட்ட சட்டம் இல்லம்மா."

முதல் ஞாயிறே, ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தின் நாலாவது இன்னிங்ஸில் கெயில் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினாள். நோரீன் தயாராக வேண்டும் என்பது அதன் அர்த்தம். நோரீனும் தயாரானாள், தனக்குத் தெரிந்த விதத்தில். வேலியோரமாக இரண்டு சுற்று ஓட்டம். துண்டைப் பிடித்துத் தோளுக்கு இழுவை. தூரத்திலிருந்து இருபது வீச்சு, கிட்டத்திலிருந்து இருபது. கடைசியில் இடதுகால் சாக்ஸை மாற்ற வேண்டும். பதினோரு வருஷமாக இதற்கு நாற்பது நிமிஷம் ஆகும். அங்கே கெயில் தொப்பியைச் சுழற்றிச் சுழற்றிக் கை ஓய்ந்துபோனாள். சாக்ஸை மாட்டிக்கொண்டு நோரீன் நிமிர்ந்தபோது, இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தன. ஜெயித்தது எதிரணி.

டிஷா விதைத் தோலைத் துப்பினாள். "கல்யாணக் கேக்க வெட்டித் தின்னு, தட்டையும் கழுவியாச்சு. பொண்ணு இப்பத்தான் கவுன் மாட்டிட்டு வருது!"

அழலாமா என்று நோரீன் ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"பன்னெண்டு பந்துல தயாராகணும், ராணியம்மா," என்றாள் லூடி. கொட்டடியில் பந்து பிடித்துத் தருபவள் அவள். "பதிமூணாவது போட்டீங்கன்னா மிட்டாய் கட்."

பன்னிரண்டு பந்தில் தோள் சூடாகிவிடும் என்பது நோரீனுக்கே அதிசயமாக இருந்தது. அங்கிருந்து பந்து வீசும் மேட்டில் போய் நின்றால் பயப்படக்கூட நேரமிருக்காது. மற்ற நேரமெல்லாம் விதை கொறித்து, ஊர்வம்பு பேசி, லூடியின் கையுறைக்குள் பபிள்கம் ஒட்டிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை, சமையலறையில் கணவன் வால்ட் வாணலியைக் கீழே போட்டுவிட்டான். போட்டவன் அப்படியே உறைந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, அடுத்து தட்டா?" என்றாள் அவள்.

அவன் சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு என்னவோ புரிந்தது. அவள் தொடங்கி வைக்கிற நாளில் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். வால்ட் ரேடியோவை கராஜுக்குத் தூக்கிப் போய்விடுவான். மகள் செருப்பில்லாமல் நடப்பாள். அணியிலும் அப்படித்தான், தொடங்குபவளிடம் அன்றைக்கு யாரும் வாய்கொடுப்பதில்லை. அதையெல்லாம் மரியாதை என்றே அவள் எண்ணியிருந்தாள். வாணலி விழுந்ததும் அவன் கண்ணில் தெரிந்தது மரியாதை இல்லை. தன் பயத்தைத்தான் வீடு முழுக்கப் பரிமாறியிருக்கிறோமோ?

இறுதி ஆட்டத்தன்று, தொடங்க வேண்டிய ப்ரெண்டா கார் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள். கெயில் மூச்சு வாங்க மைதானத்தைக் கடந்து புல்பென் வாசலுக்கு வந்தாள்.

"நோரீன், நீதான் தொடங்கணும். மத்த மூணு பேரும் இப்பவே வெளிறிப் போய்க் கெடக்காளுங்க. இது உன் எடம்டி, நீ கேட்டதுதானே? பைய டிஷாகிட்ட குடுத்துட்டு வா."

நோரீனின் கை பையை நோக்கிப் போனது. ஆசைதான். இரண்டு மாதம் முன்பென்றால் ஓடியிருப்பாள். திரும்பிப் பார்த்தாள். டிஷாவின் வாய் கொறிப்பதை நிறுத்தியிருந்தது. லூடி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் யாரும் அவளிடம் பேசுவதாக இல்லை.

நோரீன் பையைத் திறந்து, விதைப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து டிஷாவிடம் நீட்டினாள்.

"மூணு பேர் இருக்காங்கல்ல கெயில்," என்றாள் மெதுவாக. "மிஞ்சிப்போச்சுன்னுதானே என்ன இங்க அனுப்புன?"

"விளையாடாத. இன்னிக்கு ஃபைனல்."

"தெரியும். அஞ்சாவது இன்னிங்ஸோ ஆறாவதோ, தொப்பியச் சுத்து. பன்னெண்டு பந்துல வந்துடுறேன்."

பையை மூடி, குதிரை வெளியே தெரியும்படி தோளில் மாட்டிக்கொண்டாள்.