தெற்கே எரிந்தது

...வானத்தைப் பார்க்க வந்தவன் எவனாவது வானத்தைப் பார்க்கிறானா, ஒவ்வொருத்தனும் குனிந்து உள்ளங்கையைத்தான் பார்க்கிறான், மெல்போர்னிலிருந்து மூன்று மணி நேரம் காரை விரட்டிக்கொண்டு வந்து, நெவில் நாற்பது வருஷம் சிங்கி இறால் கூடு ஏற்றி இறக்கிய இதே துறையில் நின்றுகொண்டு, அவரையே பார்த்து ஒருத்தன் கத்துகிறான், "பெரியவரே, அந்த டார்ச்சை அணைங்க, படம் கெட்டுப்போகுது!" படம் கெட்டுப்போகிறதாம், படியில் உருண்டு இடுப்பெலும்பு போனால் பரவாயில்லையா... "இருட்டு என்னடா உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் அணைத்தார். அணைத்ததும் என்ன தெரிந்தது, தெற்கே கடலுக்கு மேல் சாம்பலை அப்பின மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான், இதற்கா ஜூன் மாதக் குளிரில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி இழுத்து வந்தாள் இந்த ரோவினா? தம்பி லிண்ட்சேயின் மகள், நாற்பதைத் தாண்டியும் பிடிவாதம் மட்டும் அப்படியே அப்பனுடையது, "தெற்கு வெளிச்சம், அதான் அந்த அரோரா, வந்திருக்கு பெரியப்பா, நீங்க பாத்தே ஆகணும்." ஏன் ஆகணும்? அதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, இருவருக்கும் தெரியும்.

"இங்க பாருங்க" என்று போனை நீட்டினாள், அதில் வானம் முழுக்கச் சிவப்பு, அறுத்த மீனின் செவுள் மாதிரி. தலையைத் தூக்கினால் சாம்பல், குனிந்தால் சிவப்பு, இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, எழுபத்தெட்டு வருஷம் கூடவே இருக்கிற கண்ணையா சந்தேகப்படுவது... "என் மூஞ்சிய எடு, அதுவும் சிவப்பா வருதான்னு பாப்போம்." ரோவினா சிரித்துவிட்டாள், "ஆடாம நில்லுங்க, பத்து செகண்டு. வாயையும் ஆட்டக்கூடாது, அதான் கஷ்டம் உங்களுக்கு." நின்றார். படத்தில் தாடி வெள்ளையாகத்தான் இருந்தது, மூக்கு மூக்கின் நிறத்தில், சிவப்பு தலைக்குப் பின்னால் மட்டும்... அப்படியானால் இது சாயம் பூசவில்லை, அங்கே இருப்பதைத்தான் எடுக்கிறது, எங்கிருந்து, எப்படி? "பத்து செகண்டு வெளிச்சத்தையும் சேத்து வெச்சுக் காட்டுது பெரியப்பா, கண்ணு சேத்து வெக்காது. ரொம்பப் பலமா வந்தா வெறுங்கண்ணுக்கே சிவப்பாத் தெரியுமாம்." தெரியுமாம்... சொல்லிவிட்டு அவரைப் பார்க்காமல் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள், கெட்டிக்காரி.

வெறுங்கண்ணுக்குத்தான் தெரிந்தது அன்றைக்கு, எண்பத்தொன்பது மார்ச், லிண்ட்சேயின் படகு திரும்பாத ராத்திரி, தெற்கே அடிவானம் அடுப்புத் தணல் மாதிரி சிவந்து கிடந்தது, "படகு எரியுது, தெக்கே, தெக்கே!" என்று ரேடியோவில் அலறியது யார், இவர்தான், லிண்ட்சேயைத் தேடி மேற்கே பாறைத்திட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த மூன்று படகும் இவர் வார்த்தையை நம்பித் திரும்பின. விடிய விடிய ஓடினார்கள், ஓட ஓட அந்த நெருப்பும் கிட்ட வராமல் அதே தூரத்தில் நின்றது, விடிந்தபோது ஒரு கரிக்கட்டை இல்லை, தண்ணீரில் ஒரு சொட்டு டீசல் இல்லை. மறுநாள் லிண்ட்சேயின் மிதவை ஒன்று மேற்கே அந்தப் பாறைத்திட்டில் சிக்கிக் கிடந்தது... மிதவைதானே, காற்று தள்ளினால் எங்கேயும் போகும், என்று தம்பி பெண்டாட்டியிடமும் ஊரிடமும் சொன்னார், எரிந்தது, போய்ச் சேர்வதற்குள் மூழ்கியது, அதுதான் நடந்தது. மதுக்கடையில் ஒருத்தன், "அது வானத்து வெளிச்சம்டா நெவ், பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றான், அவனுக்கு ஒரு பல் போயிற்று. பேப்பர்காரன் வந்தானா கடலுக்கு? பேப்பர்காரன் பார்த்தானா?

"பெரியப்பா, ஒரு நட்சத்திரத்தக் குறி வெச்சு ஓட்டினேன்னு சொல்வீங்களே, அது எது?"

அதுகூடத் தெரியாமல் என்ன கடல்காரன் மகள், "அதோ, தண்ணிக்கு மேல தாழ நிக்குது பார், தன்னந்தனியா" என்று கையை நீட்டினார், நீட்டிய விரலின் நுனியில் அது நின்றது, மங்கலுக்கு நட்டநடுவில், கழுவி வைத்த மாதிரி, துளி மங்காமல். நல்ல வெளிச்சம்தான் இது, பின்னால் இருப்பதை மறைக்காத வெளிச்சம், கண்ணாடி மாதிரி... டீசல் எரிகிற புகை அப்படி விடாதே, அரை வானத்தையே தின்றுவிடுமே. ஆனால் அன்றைக்கு? "நெருப்புக்கு நடுவுல அந்த நட்சத்திரம், அத மூக்குக்கு நேரா வெச்சு விடியறவரைக்கும் ஓட்டினேன்", எத்தனை தடவை சொல்லியிருப்பார், யார் சொல்லிக் கொடுத்தது, அவர் வாய்தானே... விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. ரோவினா நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை.

"உங்களக் குத்தம் சொல்ல வரல. எங்கப்பா எங்க போனாருன்னு தெரியணும், அவ்வளவுதான்."

"எரிஞ்சுது. பொகைய காத்து ஒரு பக்கமாத் தள்ளிருக்கும்."

"எந்தக் காத்து பெரியப்பா அன்னிக்கு?"

டீயை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். டார்ச்சைப் போட்டார், "பெரியவரே!" என்று அந்த மெல்போர்ன்காரன் மறுபடி கத்தினான், கத்தட்டும், அணைக்கவில்லை. போனாம், பத்து செகண்டாம், சேர்த்து வைக்கிறதாம், எவன் நம்புவான்... படியேறினார். எந்தக் காற்று? கல்யாணத்தன்றைக்கு வடமேற்கு, அப்பாவைப் புதைத்த அன்றைக்குத் தெற்கு, முதல் படகை இறக்கிய அன்றைக்கு ஒரே கிழக்கு, எல்லாம் வரிசையாக வருகிறது, அது மட்டும்... கடல் தட்டையாக இருந்ததோ, தணலின் சிவப்பு தண்ணீரில் உடையாமல் அப்படியே கிடந்ததே. இல்லை, இருந்திருக்கும், காற்று இருந்திருக்கும், என்று முனகிக்கொண்டே காரைத் தாண்டியும் நடந்தார், காற்றில்லாமல் மிதவை எப்படி அவ்வளவு தூரம் மேற்கே போகும்.