பிளவின் நடுவே நடந்தவன்

வலது தோள் காலையிலேயே பிடித்துக்கொண்டது. ரம்பத்தைத் தலைக்கு மேலே தூக்கும்போதெல்லாம் மூட்டுக்குள் யாரோ ஆணியைத் திருகுவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாலடியில் ரம்பத்தை வைத்து, முதுகெலும்போடு கீழே இறக்கினான். தலைகீழாகத் தொங்கிய மாடு இரண்டாகப் பிரிந்து ஆடியது. நடுவில் ஓர் ஆள் போகிற இடைவெளி.

அறுப்புக்கூடத்தில் எல்லாரும் அதற்குள் புகுந்துதான் அடுத்த கொக்கிக்குப் போவார்கள். அவன் மட்டும் கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டு போகிறான்.

"என்ன மச்சான், ஊரைச் சுத்தி வர்றீங்க? செத்த மாடு முட்டவா போகுது?" என்றான் பக்கத்தில் குடல் உருவிக்கொண்டிருந்த மச்சினன், மனைவியின் தம்பி.

"உன் வேலையப் பாருடா."

"என் வேலையே உங்களாலதான் நிக்குது. மேஸ்திரி என்னையில்ல காய்ச்சுறாரு."

அவனிடம் சொல்ல முடியாது. போன மாதம் மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது டாக்டர் கைவிரித்துவிட்டார். மறுநாளும் வேலைக்கு வரவேண்டியிருந்தது. முதல் மாட்டைப் பிளந்ததும் கோயிலில் போதகர் செய்த பிரசங்கம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்தவர்கள் மிருகத்தை இரண்டாக வெட்டி நடுவில் நடப்பார்களாம். வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று அர்த்தமாம். மற்றவர்களுக்கு அது கதை. அவனுக்குத் தினப்படி வேலை. ரம்பத்தை நிறுத்திவிட்டு, ஆவி பறக்கிற இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நின்றான்.

"புள்ளையக் குடு. அந்த ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, அப்பான்னு கூப்புடுறேன். தவறினா என்னையும் இப்படிப் பொள."

நடந்தான். அன்று மாலையே காய்ச்சல் இறங்கியது.

அந்த ஆள், அவனைப் பெற்றவர், கோயிலுக்குப் பின்னால், ஆதரவற்றவர்களுக்கான அறையில் கிடந்தார். ஒரு காலத்தில் இதே கூடத்தில் ரம்பம் பிடித்தவர். அவர் அம்மாமேல் ஓங்கிய கொக்கிக் கம்பிக்குக் குறுக்கே பாய்ந்ததில்தான் அவன் தோள் உடைந்தது. அம்மா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவரை அவன் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மச்சினன் கேலி செய்த அன்று, வேலை முடிந்து போதகரைத் தேடிப் போனான். அவர் கோயில் பெஞ்சுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்னை யாருப்பா நடக்கச் சொன்னது?" என்றார். "கடவுளோட உடன்படிக்கை செஞ்ச ஆபிரகாம் நடக்கவே இல்ல. அசந்து தூங்கிட்டாரு. நெருப்பு ரூபத்துல கடவுள் மட்டும்தான் நடுவுல போனாரு. பேச்சு முறிஞ்சா பொளக்கப்படறது நானாவே இருக்கட்டும்னு. சிலுவையில அதுதான் நடந்துச்சு."

"அத நீங்க அன்னைக்குச் சொல்லலையே."

"சொன்னேன். நீயும் தூங்கிட்டே."

"அப்ப நான் சொன்னது செல்லாதுங்களா?"

அவன் முகத்தில் வந்த தெளிச்சியைப் போதகர் பார்த்துவிட்டார். துணியைப் பிழிந்து வைத்தார்.

"எரேமியா தீர்க்கதரிசி காலத்துல பெரிய மனுசங்க கன்னுக்குட்டிய வெட்டி நடுவுல நடந்தாங்க. அடிமைகள விட்டுடறோம்னு சொல்லி, விட்டுட்டு, திரும்பப் புடிச்சிக்கிட்டாங்க. கடவுள் அவங்கள சும்மா விடல. உன்னைப் பொளக்குறதுக்கு அவரு காத்துக்கிட்டு இல்லப்பா. அதுக்காக நீ வாயால சொன்னது இல்லன்னு ஆயிடுமா?"

"முடியலைங்க ஐயா."

"கூட்டிட்டுப் போறதா?"

"அது முடியும். கூப்புடறதுதான்."

ஞாயிற்றுக்கிழமை கறி இழுக்கிற தள்ளுவண்டியைக் கழுவி, மச்சினனோடு போய் அவரை ஏற்றிவந்தான். பக்கவாதம் உடம்பில் ஒரு பாதியைச் சாகடித்திருந்தது. தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டினான். தோள் உயிரை எடுத்தது. சட்டையில்லாத தோளில் புடைத்திருந்த எலும்பையே கிழவர் பார்த்தார். பிறகு, "தண்ணி சூடா இருக்கு," என்றார்.

காய்ச்சலில் முடி கொட்டி மொட்டையான தலையோடு மகள் வாசற்படியில் வந்து நின்றாள். "யாருப்பா இது?"

"தாத்தா." அது சுலபமாக வந்தது.

"உனக்கு?"

அவன் வாயைத் திறந்தான். கிழவர் குனிந்த தலையை நிமிர்த்திக் காத்திருந்தார். சொட்டுகிற துண்டை இன்னொரு முறை பிழிந்துவிட்டு, "உள்ள போ, ஈரத்துல நிக்காத," என்றான்.

மறுநாள் மாடு பிளந்து நின்றது. அவன் சுற்றிக்கொண்டுதான் போனான். மச்சினன் இந்தத் தடவை குடல் தொட்டியை நகர்த்தி வழி விட்டான்.

கேட்ட பிள்ளை கைக்கு வந்துவிட்டது. வீட்டில் இடம் கொடுத்தாயிற்று. அப்பா என்று ஒரு தடவை கூப்பிட வேண்டியது பாக்கி.